ஏழடி நிலைவாசல்

போன மாதம் ஒரு நாள் காலையில் இட்லியை வாயில் வைத்த நேரம் பார்த்து போன் அடித்தது. பேசியவர் பெயர் திவ்யா. நான் ஓய்வு பெற்ற அதே தஞ்சாவூர் அலுவலகத்தில், கட்டட வரைவுப் பிரிவில், உதவிப் பொறியாளராக இருக்கிறாராம்.

"சார், நன்னிலம் பக்கத்துல நீங்க டிசைன் பண்ணின காலனி ஒண்ணு இருக்குல்ல, முப்பத்திரண்டு வீடு? எல்லாம் பழசாயிடுச்சு. இடிச்சுட்டுப் புதுசு கட்டப் போறோம். அளவெடுக்கப் போனேன், ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"அந்தக் காலத்துக் காலனி வீடுங்கள்ல நான் பார்த்த வரைக்கும் வாசல் உயரம் அஞ்சே முக்கால் இல்லாட்டி ஆறடிதான். இங்க மட்டும் ஏழடி இருக்கு. அதுவும் முப்பத்திரண்டு வீட்டுலயும். சைட்டுல ஏதாவது தப்பு நடந்துடுச்சா சார்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தப்பாமே! அந்த ஒரு அடிக்காக நான் தின்ற திட்டு, கிழித்த தாள், பட்ட பாடு இந்தப் பெண்ணுக்கு எங்கே தெரியப் போகிறது? வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "போன்ல சொல்ற விஷயமில்லம்மா. இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்னைக் கூட்டிட்டுப் போங்க. அப்புறம் எழுதியே தர்றேன்" என்றேன். பாவம், நல்ல பிள்ளை. சொன்னபடி ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனார். போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் வந்து எல்லாம் கெட்டுப்போச்சு என்று புலம்பும் கிழவன் நான் இல்லை. திவ்யா அந்தச் சின்னப் பெட்டியில் வீட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டியபோது, இது அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும் என்றுதான் நினைத்தேன். எனக்கு ஏக்கமெல்லாம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா பெயர் பாக்கியம். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வருஷம் முழுக்கப் பண்ணை வயலில் கிடந்து என்னைப் படிக்க வைத்தாள். பள்ளிக்கூடம், ஹாஸ்டல், பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம், அப்புறம் வரைவாளர் வேலை. எல்லாரும் படிப்பதைத்தான் நானும் படித்தேன், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கோடு சுத்தமாக வரும். எழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதனால் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் சிங்காரவேலு சார். என்னைவிட எட்டு ஒன்பது வயதுதான் மூத்தவர். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர், படகுக்காரர் குடும்பம். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டிருப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. யாரையும் 'நீ' என்று சொல்ல மாட்டார், டீ கொண்டுவருகிறவரையும் சேர்த்து. அவரிடம் விசித்திரமான இரண்டு பழக்கங்கள் இருந்தன.

முதலாவது, படத்தில் ஆள் இல்லாவிட்டால் பார்க்கவே மாட்டார். நாம் பிளான் கொண்டுபோய் விரித்தால் ஒரு நொடி பார்ப்பார். "வீடு காலியா இருக்கே, யாரும் குடி வரலியா?" என்று சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார். முதலில் ஆளை வரைய வேண்டும். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள், பாயில் படுத்திருப்பவன், மூலையில் கட்டியிருக்கும் ஆடு. சுவர் அதற்கப்புறம்தான்.

இரண்டாவது பழக்கத்தைப் புதிதாக வந்தவர்கள் மறைவாகச் சிரித்துக்கொண்டு பார்ப்பார்கள். வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இரண்டு கால் மாதிரி வைத்து, தாளின் மேல் நடப்பார். நடந்துகொண்டே பேசுவார். "பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன். காலெல்லாம் சேறு. எங்க கழுவுறது? சரி, இங்க தொட்டி இருக்கு. செருப்பை எங்க விடுறது? உள்ள வர்றேன், ஒரே இருட்டா இருக்கே. தண்ணி குடிக்கணும், பானை எங்கே?" விரல் போய் எங்காவது முட்டி நிற்கும். அங்கே நம் தவறு இருக்கும். சிவப்பு மையால் ஒரு கோடுகூடப் போட மாட்டார். விரல் நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு நம்மை நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

ஏன் இப்படி என்று ஒரு தடவை கேட்டேன். "படகுல பொறந்து வளர்ந்தவன் நான். அது ஆடிக்கிட்டே இருக்கும். கயிறு கை எட்டுற எடத்துல இல்லேன்னா ஆள் காலி. வீடு ஆடாது, அதனால நீங்கள்லாம் அலட்சியமா இருக்கீங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஐந்து பேரைப் பாபநாசம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற்றித் தாராசுரம் கோயிலுக்குக் கூட்டிப் போனார். கல்தேர், யானை, குதிரை என்று வரைந்து தள்ளலாம் என்று ஆளுக்கொரு நோட்டு எடுத்துப் போயிருந்தோம். "அதையெல்லாம் பைக்குள்ள வைங்க. சிற்பம் பார்க்க நாளைக்கும் வரலாம். இன்னைக்கு வர்ற சனங்களோட காலைப் பாருங்க" என்று படிக்கட்டுக்கு எதிரே உட்கார வைத்துவிட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. எல்லாரும் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரம் கழித்துத்தான் ஒன்று பிடிபட்டது. படியேறுகிற வயசாளிகள் எல்லாரும் ஒரே தூணில், ஒரே உயரத்தில் கை வைத்துத்தான் மூச்சு வாங்கினார்கள். அந்த இடத்தில் மட்டும் கல் வழவழவென்று இருந்தது.

இப்போது காலனிக்கு வருகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். ஆட்சி மாறி, பேச்சு மாறி, கீழத்தஞ்சை முழுக்க வயல் வரப்புகளில் கொடி பறந்த காலம். அறுப்புக்குக் கூலி நெல் கூடக் கேட்டு ஆட்கள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தார்கள். பண்ணைகள் வெளியூர் ஆட்களை இறக்கின. அடிதடி, போலீஸ், கோர்ட்டு என்று தினம் ஒன்று. எங்கள் ஊரில் இரண்டு வருஷம் சண்டை ஓய்ந்தபாடில்லை. பண்ணையின் நிலத்தில் ஒரு பட்டையை அரசாங்கம் எடுத்து, குடிசைக்காரர்கள் முப்பத்திரண்டு பேருக்கு மனை கொடுத்தது. ஓட்டுக் கூரை போட்டு வீடும் கட்டித் தருவதாக உத்தரவு வந்தது. அந்தப் பட்டியலில் பதினேழாவது பெயர் பாக்கியம், என் அம்மா.

வேலையைச் சார் என்னிடம்தான் கொடுத்தார்.

"கலியபெருமாள், இது உங்க ஊருன்னு தெரியும். அதனாலதான் உங்ககிட்ட குடுக்குறேன். அதனாலயே பயமாவும் இருக்கு" என்றார்.

எனக்கு என்ன பயம்? ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் வெறி. என் அம்மா நாற்பது வருஷமாக அந்தக் குடிசைக்குள் குனிந்து குனிந்து போய் வந்திருக்கிறாள். இனி தன் வீட்டுக்குள் அவள் நிமிர்ந்து நுழைய வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். மூன்று வாரம் ராப்பகல் பார்க்காமல் வரைந்தேன். மனைப் பட்டைக்கு மேற்கே ரோடு, கிழக்கே வாய்க்கால். வீடுகளை வரிசையாக வைத்தேன். ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் சின்னத் தாழ்வாரம். கூரை நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும். சதுர அடிக்கும் செலவுக்கும் மேலிடம் வைத்த வரம்பைத் தாண்டவில்லை. ஆள், ஆடு, அடுப்பு எல்லாம் போட்டிருந்தேன். படம் அவ்வளவு அழகு. பக்கத்து மேஜைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சார் விரலை ரோட்டில் வைத்தார்.

"ரோட்டுல நடந்து வர்றேன். பெரிய ரோடு. வீடு வந்துடுச்சு..." விரல் நின்றது. "வாசலைக் காணோமே?"

"பின்னாடி இருக்கு சார்."

விரல் வீட்டைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனது. "வர்றவங்க எல்லாரும் இப்படிச் சுத்திக்கிட்டுதான் வரணுமா? ஏன்?"

"கிழக்குப் பார்த்த வாசல் விசேஷம் சார்."

"சரி. வாடைக்காத்து எங்கேருந்து அடிக்கும்?"

"வடகிழக்கே இருந்து சார்."

"ஐப்பசி, கார்த்திகை மழை?"

"அதுவும் அங்கேருந்துதான் சார்."

"அப்ப மழைக்கு நேரா முப்பத்திரண்டு வாசலைத் தெறந்து வெச்சிருக்கீங்க. அதுவும் நன்னிலத்துக்காரர் நீங்க."

அதோடு விட்டிருக்கலாம். குறுக்குவெட்டுப் படத்தை எடுத்தார். தாழ்வாரத்துக் கூரை சரிந்து இறங்கும் இடத்தில்தான் வாசல். அதனால் வாசல் உயரம் நாலரை அடி. அதன் மேல் டிரேசிங் தாளை வைத்து, மொத்தை முனைப் பென்சிலால் ஒரு பெண்ணை வரைந்தார். அவள் தலையில் ஒரு கூடையும் வரைந்தார். கூடை கூரைக்கு மேலே போய்விட்டது.

"இந்தம்மா எப்படி உள்ள வருவாங்க?"

"கூடையை எறக்கி வெச்சுட்டு, குனிஞ்சு வருவாங்க சார்."

"ஏன்?"

"எல்லாரும் அப்படித்தான் சார் வருவாங்க."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. என் அம்மா குனியக் கூடாது என்று மூன்று வாரம் தூங்காமல் வரைந்தவன், அவளை நாலரை அடிக்குள் திரும்பவும் குனிய வைத்திருந்தேன்.

எங்கள் குடிசைகள் எல்லாமே ரோட்டுக்கு முதுகு காட்டித்தான் இருக்கும். பண்ணை வீட்டார் போகிற வருகிற ரோடு அது. அதைப் பார்த்து வாசல் வைக்கக் கூடாது என்று எவரும் எழுதி வைக்கவில்லை, வாயால் சொல்லிக்கூட நான் கேட்டதில்லை. மழை வாசலில் அடித்தால் சாக்கைத் தொங்க விட்டுக்கொள்வோம். அந்தக் குடிசையில் பிறந்த என் கை, படித்த படிப்பைக் கேட்காமல், காற்றைக் கேட்காமல், அதையே அப்படியே வரைந்திருக்கிறது. கிழக்கு விசேஷம் என்பதெல்லாம் வரைந்த பிறகு நானே கண்டுபிடித்த சாக்கு. பட்டணத்துப் பையன் எவனாவது வரைந்திருந்தால் வேறு நூறு தப்புப் பண்ணியிருப்பான், இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டான். வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்ததும் சார், "ரெண்டு நாள் லீவு எடுத்துக்கிட்டு ஊருக்குப் போங்க. பென்சில் எடுத்துட்டுப் போகாதீங்க, டேப் மட்டும் போதும். வாசலுக்கு எதிர்ல உக்காந்து, யார் எப்படி உள்ள போறாங்க, வர்றாங்கன்னு பாருங்க" என்றார்.

அறுப்புக் காலம். காலையிலிருந்து எங்கள் குடிசைக்கு எதிரே பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, பொழப்பத்துப் போயி வாசலையே மொறைச்சிக்கிட்டு உக்காந்திருக்கே? ஆபீசுல கழுத்தப் புடிச்சுத் தள்ளிட்டாங்களா?"

"வேலையாத்தாம்மா உக்காந்திருக்கேன்."

"ஆமா, இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்க!"

சாயங்காலம் கூலி நெல்லோடு வந்தாள். தலையில் சும்மாடு, அதன் மேல் கூடை. வாசலுக்கு வந்ததும் நின்றாள். பக்கத்துக் குடிசை அஞ்சலையைக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாகக் கூடையை இறக்கினார்கள். கொஞ்சம் நெல் சிதறியது. அம்மா குனிந்து உள்ளே போய், திரும்பிக் குந்தி, கூடையைத் தரையோடு இழுத்தாள். பிறகு வெளியே வந்து, சிதறிய நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"அம்மா, கூடையைத் திரும்பத் தலையில வெச்சுக்கிட்டு நேரா நில்லு" என்று டேப்பை எடுத்தேன்.

"எதுக்குடா? பாடை கட்ட அளவெடுக்கிறியா?"

அஞ்சலை விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா நாலடி பத்து அங்குலம். சும்மாடும் கூடையும் குவித்த நெல்லும் சேர்த்து ஒன்றரை அடி. நடக்கும்போது கூடை மேலும் கீழும் அசையும், பிடிக்கிற கைக்கும் இடம் வேண்டும். ஏழடி. அந்த எண் ரூல் புத்தகத்திலிருந்து வந்ததில்லை திவ்யா, பாக்கியத்தின் தலையிலிருந்து வந்தது.

அளவு கிடைத்துவிட்டது, வழி கிடைக்கவில்லை. சுவரை உயர்த்தினால் செங்கல் கூடும், செலவு வரம்பைத் தாண்டும், மேலிடம் கையெழுத்துப் போடாது. தாழ்வாரத்தை எடுத்துப் பார்த்தேன், அறையைச் சுருக்கிப் பார்த்தேன், கூரைச் சரிவைக் குறைத்துப் பார்த்தேன். சரிவு குறைந்தால் ஓடு ஒழுகும். தாள் மேல் தாளாகப் பதினோரு தாள் கிழித்தேன். சாரே தளர்ந்துபோய், "உயரத்துக்குத் தனியா பணம் கேட்டு எழுதிப் பார்ப்போமா?" என்றார். கேட்டால் வராது என்று அவருக்கும் தெரியும்.

டிசைன் எப்படித் தோன்றுகிறது என்று இப்போதெல்லாம் வகுப்பு எடுக்கிறார்கள். எனக்குத் தோன்றியது இப்படி. ஒரு அட்டையை மடித்துக் கூரை மாதிரி மேஜை மேல் வைத்திருந்தேன். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அட்டை பறந்து கீழே விழுந்தது. எடுத்து வைத்தேன், திரும்பவும் விழுந்தது. சனியன் என்று திட்டிக்கொண்டு, காற்றுக்கு நிற்கட்டும் என்று குறுக்கே திருப்பி வைத்தேன். இதுவரை சரிவையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எதிரே, முகடு முடிகிற முக்கோணம் வந்து நின்றது.

கூரை முடிகிற அந்தப் பக்கத்துச் சுவர் எப்படியும் உயரமாகத்தானே கட்டியாக வேண்டும்! ஏழடி என்ன, எட்டடிகூட அங்கே இருக்கிறது. ஒரு செங்கல் கூட வேண்டாம். வீட்டை அப்படியே கால் சுற்றுத் திருப்பினால் போதும். உயரமான பக்கம் ரோட்டைப் பார்க்கும், அதில் வாசல். வாடை மழை வீட்டின் பின்பக்கத்தில் அடித்துவிட்டுப் போகும். வீட்டுக்கு வீடு நடுவில் கூரைத் தண்ணீர் விழுகிற சந்து, அது நேராக வாய்க்காலுக்கு.

ஓடினேன். சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் விரித்தேன். டீயைத் தள்ளி வைத்துவிட்டு விரலை ரோட்டில் வைத்தார். "ரோட்டுல வர்றேன். தலையில கூடை..." விரல் நடந்தது. வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே போய், அறை நடுவில் நின்றது.

"எறக்கி வெச்சுட்டேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை நான் இன்று வரை தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

"மேற்கு வெயில் சாயங்காலம் உள்ள அடிக்குமே?" என்று பிறகு கேட்டார். வாசலுக்கு மேல் ஒரு சின்னப் பலகை போட்டோம், போதவில்லை. அந்த வீடுகளில் சாயங்காலம் புழுக்கம்தான். அது என் குறைதான், ஒத்துக்கொள்கிறேன்.

படம் வெளியே தெரிந்ததும் பண்ணையின் காரியஸ்தர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஜரிகை அங்கவஸ்திரம், கையில் டைரி. சாரைப் பார்த்துக் கும்பிட்டார். என்னைப் பார்த்து, "நீ பாக்கியம் மவன்தானே?" என்றார்.

"சார், வீடு கட்ட வேணாம்னு நாங்க சொல்லல. கவர்மெண்டு குடுக்குது, கட்டிக்கட்டும். வாசலை மட்டும் அந்தாண்ட வெச்சுடச் சொல்லுங்க. எங்க ஐயா வீட்டுப் பொம்பளைங்க போற ரோடு. கார்ல போறப்ப இவங்க வாசல்ல கால நீட்டி உக்காந்துக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? ஏற்கனவே ஊரு பத்திக்கிட்டு கெடக்கு."

"அந்தாண்ட வெச்சா மழை உள்ள அடிக்குங்க" என்றேன்.

"ஏம்ப்பா, இத்தன வருஷமா ஒங்க வாசல் அந்தாண்டதானே இருந்துச்சு?"

"இத்தன வருஷமா நனைஞ்சோங்க."

அவர் முகம் கறுத்தது. சார் குறுக்கே வந்தார். அதே நிதானம். படத்தை அவர் பக்கம் திருப்பி, "ஐயா, நீங்களே ஒரு தடவை நடந்து பாருங்க. ரெண்டு விரலை இப்படி வைங்க. ரோட்டுலேருந்து வாங்க" என்றார்.

காரியஸ்தருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அதிகாரி சொல்கிறாரே என்று விரலை வைத்தார். மோதிர விரலும் நடுவிரலும். ரோட்டில் இரண்டு எட்டு நடந்தது. வீட்டு மனைக் கோட்டுக்கு வந்ததும் நின்றது.

"உள்ள வாங்க" என்றார் சார்.

விரல் நகரவில்லை. வெறும் தாள்தான். பென்சில் கோடுதான். அந்தக் கோட்டைத் தாண்டி எங்கள் தெரு வீட்டுக்குள் அவர் விரல்கூட வர மறுத்தது. கையை இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க ரோட்டு வழியா கல்லு வண்டி எப்படிப் போவுதுன்னு பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது சாருக்குக் கும்பிடு போடவில்லை.

மேலிடத்துக்கு மனு போனது. சார் பதிலாக அனுப்பியது ஒரே ஒரு தாள். வீட்டின் படம், வடகிழக்கிலிருந்து மழை, மேற்கே வாசல், செலவு கூடவில்லை என்று ஒரு வரி. ரோட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. "அவங்க ரோட்டப் பத்தி பேசட்டும். நாம மழையப் பத்திப் பேசுவோம்" என்றார். மழையோடு வாதாட யாரால் முடியும்? கையெழுத்து ஆகி வந்தது.

ஆனால் காரியஸ்தர் சொன்னதைச் செய்தார். செங்கல் வண்டிகளை ஊர் எல்லையிலேயே பண்ணை ஆட்கள் மறித்தார்கள். ஒப்பந்தக்காரர் கையை விரித்துவிட்டார். மழைக்கு முன் சுவர் எழும்பாவிட்டால் அந்த வருஷம் வீடு இல்லை, அடுத்த வருஷம் யார் ஆட்சியோ, எந்த உத்தரவோ. பேசாமல் வாசலைத் திருப்பியே வைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பஸ் பிடித்து ஊருக்கு ஓடினேன்.

வாய்க்கால் கரையில் வரிசையாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லார் தலையிலும் செங்கல். வண்டி நின்ற இடத்திலிருந்து ஒன்றரை மைல், கரையோடு சுற்றி நடந்தே சுமக்கிறார்கள். முப்பத்திரண்டு குடும்பமும் சேர்ந்து. நடுவில் என் அம்மா, சும்மாட்டின் மேல் எட்டுக் கல்.

"அம்மா, நீ ஏம்மா!"

"ஒதுங்குடா. கரையில வழிய மறிச்சுக்கிட்டு நிக்கறான் பாரு, இன்ஜினியரு!"

பன்னிரண்டு நாள் சுமந்தார்கள். நானும் லீவு போட்டு இரண்டு நாள் சுமந்தேன். கழுத்து ஒரு வாரம் திரும்பவில்லை.

தை பிறக்கும் முன் வீடு கொடுத்தார்கள். சாரும் வந்திருந்தார். ஒவ்வொரு குடும்பமாக நிறைகுடமும் விளக்கும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். முதல் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்ததும் குனிந்தார். இரண்டாவது வீட்டம்மாவும் குனிந்தாள். மூன்றாவது, நாலாவது. ஏழடி வாசலில், தலைக்கு மேலே இரண்டு அடி வெட்டவெளி இருக்க, முப்பத்திரண்டு குடும்பமும் வரிசையாகக் குனிந்து நுழைந்தது. அஞ்சலை குனிந்தாள். அம்மாவும் குனிந்தாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "ஏம்மா குனியறே? மேல எவ்வளவு எடம் இருக்கு, நிமிந்து பாரும்மா!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"எனக்கென்னடா தெரியும்? முதுகு தானா வளையுது" என்றாள், பரிதாபமாக.

சார் என் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப் போனார். "வரையறது மட்டும்தான் நம்ம வேலை, கலியபெருமாள்" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அடுத்த மாதம் அறுப்பு. நான் ஊருக்குப் போயிருந்தேன். பொழுது சாய்கிற நேரம், வீட்டுக்குள் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் அறுப்பு ஆட்கள் பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். அம்மா ரோட்டிலிருந்து இறங்கி வருகிறாள். தலையில் குவித்த கூடை, ஒரு கை மேலே, ஒரு கை வீசிக்கொண்டு. அஞ்சலையைக் கூப்பிடவில்லை. நடையைக் குறைக்கவில்லை. மேற்கு வெயில் முதுகில் அடிக்க, நேராக, நெடுநெடுவென்று, வாசலைத் தாண்டி வீட்டின் நடுவுக்கு வந்தாள். கூடைக்கும் நிலைக்கும் நடுவில் இரண்டு கைப்பிடி இடம் இருந்தது. ஒரு நெல் சிதறவில்லை.

"என்னடா வாயப் பொளந்துக்கிட்டுப் பார்க்கறே? கூடையப் புடி" என்றாள்.

தலையில் சுமை இருந்தால் குனிய முடியாது. அதனால் கூடையோடு வரும்போதெல்லாம் நிமிர்ந்து வந்தாள். வெறும் தலையோடு வந்தால் குனிந்துதான் வந்தாள். சாகும் வரைக்கும் அப்படித்தான். கடைசிப் பத்து வருஷம் அவளால் சுமை தூக்க முடியவில்லை, அதனால் அந்தப் பத்து வருஷமும் குனிந்தே நடமாடினாள். அதற்கப்புறம் நான் எத்தனையோ கட்டடம் வரைந்தேன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நெல் கிடங்கு. எதற்கும் யாராவது பாராட்டினால் எனக்கு அந்தச் சாயங்காலம்தான் ஞாபகம் வரும். அம்மா இன்னொரு தடவை கூடையோடு அந்த வாசலில் வர மாட்டாளா என்று இந்த வயசிலும் ஏங்குகிறேன். சிங்காரவேலு சாரும் போய்ப் பதினைந்து வருஷமாகிறது. என் தாள் மேல் அந்த இரண்டு விரல் ஒரே ஒரு தடவை நடந்து, எங்கேயாவது முட்டி நின்றால்கூடப் போதும் என்றிருக்கிறது.

போன வாரம் திவ்யாவோடு போனேன். ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்தி, வீடுகள் பள்ளத்தில் கிடந்தன. ஓடுகள் சரிந்திருந்தன. குடியிருந்தவர்கள் காலி செய்து போயிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் டாக்டர், இரண்டு பேர் டீச்சர் என்று திவ்யா சொன்னார். பதினேழாம் நம்பர் வாசலில் நின்றோம். நிலை மட்டும் அசையாமல் நின்றது.

திவ்யா கையில் டேப்போடு விறுவிறுவென்று உள்ளே போனார். அந்தப் பெண்ணுக்குக் குனியத் தோன்றவே இல்லை. அதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. உள்ளே போய்த் திரும்பி, "வாங்க சார்" என்றார்.

நான் போனேன்.

"சார், சார், குனிய வேணாம். ஏழடி இருக்கு, இடிக்காது!"

"தெரியும்மா. வரைஞ்சவனே நான்தான்" என்றேன். நிமிர்வதற்குள் உள்ளே வந்துவிட்டிருந்தேன்.